கதவைத் தட்டுது பேய்... திறக்கலாமா பாஸ்?

அக்டோபர் கடைசி வாரத்தில் இங்கிலாந்தின் ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து பாருங்கள். இடது பக்கம் ஒரே ஆரஞ்சு மயம்... மலை மாதிரி பரங்கிக்காய், பிளாஸ்டிக் எலும்புக்கூடு, சூனியக்காரித் தொப்பி. நாலடி தள்ளி, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் ராக்கெட்டும் புஸ்வாணமும்! முதலாவது, அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு. ரெண்டாவது, நவம்பர் 5 பான்ஃபயர் நைட்டுக்கு. நடுவில் அஞ்சே நாள். அந்த அஞ்சு நாள் சந்துக்குள்தான் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் வருஷா வருஷம் பங்காளிச் சண்டை நடக்கிறது!

ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் வட இங்கிலாந்துக்குப் போயிருந்தபோது, அந்தச் சண்டையை எங்கள் கிச்சனிலேயே பார்த்தேன். அங்கே ஹாஸ்டல் என்றால் ஆறு ரூம், பொதுவா ஒரு கிச்சன். எங்கள் கிச்சனில் மினசோட்டா மாநிலத்து அமெரிக்கன் ஒருத்தன், யார்க்‌ஷைர் பையன் ஒருத்தன், கிளாஸ்கோ பொண்ணு ஒருத்தி, சாம்பார்ப் பொடி டப்பாவோடு நான்.

செப்டம்பர் கடைசியிலேயே அமெரிக்கன் ஆரம்பித்துவிட்டான். "ஹாலோவீனுக்கு என்ன வேஷம் போடறீங்க?"

"அது உங்க ஊர் சரக்குப்பா. எங்களுக்கு அஞ்சாம் தேதி போதும்" - யார்க்‌ஷைர் முகம் சுளித்தது.

அடுப்படியிலிருந்து கிளாஸ்கோ திரும்பிப் பார்த்தது. "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா? அது எங்க ஊர்ப் பண்டிகை!"

மூணு பேரில் யார் சொல்வது கரெக்ட்? தோண்ட ஆரம்பித்தேன்.

அது யார் வீட்டுச் சரக்கு?

தீர்ப்பு கிளாஸ்கோ பக்கம்தான்! அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற ராத்திரிக்கு 'சவின்' என்று பேர். பிறகு வந்த கிறிஸ்தவம் நவம்பர் 1-ஐ அனைத்துப் புனிதர் நாளாக வைத்தது. அதற்கு முந்தின ராத்திரி, 'ஆல் ஹாலோஸ் ஈவ்'. அதுதான் தேய்ந்து ஹாலோவீன் ஆனது. மறுநாள் நவம்பர் 2, இறந்தவர்களுக்கான நாள். நம்ம ஊர் கத்தோலிக்க நண்பர்கள் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிறார்களே... அதே கல்லறைத் திருநாள்தான்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இந்த நாட்களில் ஏழைகள் வீடு வீடாகப் போனார்கள். 'உங்க வீட்டுல செத்துப்போனவங்களுக்காக நாங்க ஜெபம் பண்றோம்' என்பார்கள். வீட்டுக்காரர்கள் 'சோல் கேக்' என்று ஒரு சின்ன கேக் கொடுப்பார்கள். 16-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து புராட்டஸ்டன்ட் ஆனது. இறந்தவர்களுக்காக ஜெபம் செய்வதே தப்பு என்றானபின் கேக்குக்கு அர்த்தமில்லாமல் போனது. செஷயர் மாதிரி சில மூலைகளில் மட்டும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போ பரங்கிக்காய்? அது ஒரிஜினல் கிடையாது, பாஸ்! அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப்பைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்கள். முள்ளங்கிக்குச் சித்தப்பா பையன் மாதிரி ஒரு கிழங்கு. டோனகல் பக்கத்து டர்னிப் விளக்கு ஒன்றின் அச்சு, அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லை இளித்துக்கொண்டு, சுருங்கிப்போன கிழவன் மூஞ்சி! அதைப் பார்த்தால் இன்றைய பரங்கிக்காய்க்கே குளிர் ஜுரம் வரும்.

1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பண்டிகையும் கூடவே ஏறியது. அங்கே போனால் பெரிசா, மெதுவா, உள்ளே பாதி காலியாகவே ஒரு காய் விளைந்து கிடக்கிறது! டர்னிப்பைக் குடைய ஒரு மணி நேரம், இதைக் குடைய பத்து நிமிஷம். எந்த மெக்கானிக்கல் ஸ்டூடன்டும் அதே மெட்டீரியலைத்தான் செலக்ட் பண்ணியிருப்பான்.

யார்க்: எரிக்கிற ஊர், எரிக்காத ஸ்கூல்

யார்க்‌ஷைர் பையனுக்கு மட்டும் ஏன் அஞ்சாம் தேதி மேல் அவ்வளவு பாசம்? பதில் தேடி ஒரு சனிக்கிழமை யார்க் நகரத்துக்கு ரயில் ஏறினோம். ஊரைச் சுற்றி இடைக்காலக் கோட்டைச் சுவர், அதன் மேலேயே நடந்துபோகலாம். எதிரெதிர் மாடிகள் ஒன்றையொன்று முட்டுவதுபோல் சாய்ந்து நிற்கிற ஷாம்பிள்ஸ் தெரு. அதிலிருந்து கொஞ்ச தூரத்தில், பெரிய மினிஸ்டர் தேவாலயத்தின் நிழலிலேயே ஒரு சின்ன சர்ச். 1570-ல் கை ஃபாக்ஸுக்கு ஞானஸ்நானம் நடந்தது அங்கேதான்.

1605 நவம்பர் 5... லண்டன் பார்லிமென்ட்டின் கீழே வெடிமருந்துப் பீப்பாய்களோடு பிடிபட்டார் கை ஃபாக்ஸ். ராஜா தப்பித்ததற்கு வருஷா வருஷம் நன்றி சொல்லணும் என்று சட்டமே போட்டார்கள். அது 1859 வரைக்கும் அமலில் இருந்தது! தெருத்தெருவாக நெருப்பு மூட்டி, வைக்கோலில் 'கை' பொம்மை செய்து எரித்தார்கள். இலையுதிர் காலத்து நெருப்பு, சத்தம், கூத்து எல்லாவற்றையும் நவம்பர் 5 இழுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் ஹாலோவீன் மெலிந்துபோனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு விதிவிலக்கு... யார்க்கின் செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கூல். கை ஃபாக்ஸ் அவர்களுடைய பழைய மாணவர். 'சொந்த ஸ்கூல் பையனை எப்படிங்க எரிக்கிறது?' என்று அங்கே பொம்மை எரிப்பதில்லை. அலும்னி பாசம்!

இப்போ காமெடியைக் கேளுங்கள். ஹாலோவீனைப் பற்றி இங்கிலாந்துப் பெரியவர்களின் முதல் புகார், 'பசங்க வீடு வீடாப் பிச்சை எடுக்கிறாங்க' என்பது. ஆனால், அவர்களே சின்ன வயசில் வைக்கோல் பொம்மையைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, 'கைக்கு ஒரு பென்னி கொடுங்க' என்று தெருமுனையில் வசூல் செய்து பட்டாசு வாங்கியவர்கள்! ரெண்டாவது புகார், 'மிட்டாய் கொடுக்கலைன்னா வம்பு பண்றாங்க.' அட, யார்க்‌ஷைரில் நவம்பர் 4-க்குப் பேரே 'மிஸ்சீஃப் நைட்'. அடுத்த வீட்டுக் கைப்பிடியில் சர்க்கரைப் பாகு தடவுவது, கேட்டைக் கழற்றி வேறு தெருவில் வைப்பது எல்லாம் அன்றைக்குத்தான்.

பேய்க்கும் இந்த ஊர் எதிரி இல்லை. 1973-லிருந்து யார்க்கில் காசு வாங்கிக்கொண்டு பேய் நடந்த தெருவையெல்லாம் சுற்றிக் காட்டுகிறார்கள். பேய் தன் இடத்தில் இருக்கணும், நாம் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கணும். அது நம்ம வீட்டுக் காலிங்பெல்லை அழுத்தக் கூடாது. அவ்வளவுதான் அவர்கள் கண்டிஷன்!

பாட்டுப் பாடு, மிட்டாய் வாங்கு

கிளாஸ்கோ பொண்ணுக்கு இந்த இழுபறியே புரியவில்லை. ஸ்காட்லாந்தில் ஹாலோவீன் சாகவே இல்லை. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-லேயே அந்த ராத்திரியைப் பற்றி நீளமாக ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அங்கே குழந்தைகள் வேஷம் போட்டுப் போவதற்கு 'கைசிங்' என்று பேர். ஆனால், கதவு திறந்ததும் மிட்டாய் கிடைத்துவிடாது. ஒரு பாட்டு, ஒரு ஜோக், ஒரு கவிதை... ஏதாவது செய்து காட்டணும்.

"நான் ஆறு வருஷம் ஒரே ஜோக்கைச் சொன்னேன். ஆறு வருஷமும் அதே பாட்டி சிரிச்சாங்க" என்றாள்.

வட அயர்லாந்தில் டெர்ரி நகரம் இன்னும் ஒரு படி மேல். 1980-களில், துப்பாக்கிச் சத்தம் ஓயாத காலத்திலேயே, ஊரே வேஷம் கட்டித் தெருவுக்கு வர ஆரம்பித்தது. 2015-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் வாசகர் ஓட்டெடுப்பில், உலகத்திலேயே சிறந்த ஹாலோவீன் ஊராக ஜெயித்ததும் டெர்ரிதான். ஆக, 'அமெரிக்க இறக்குமதி' என்று முழு பிரிட்டனும் சொல்லிவிட முடியாது. அது முக்கியமாக இங்கிலாந்தின் புலம்பல்!

விளக்கு எரிஞ்சா வா!

மினசோட்டாக்காரனுக்கு ஹாலோவீன் ரத்தத்திலேயே இருந்தது. அவன் மாநிலத்தில் அனோகா என்று ஓர் ஊர். ஒரு ஹாலோவீன் ராத்திரி விஷமிகள் மாடுகளை அவிழ்த்துவிட, காலையில் மெயின் ரோடு முழுக்க மாடு மேய்ந்ததாக அங்கே கதை சொல்வார்கள். 'இவனுங்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை, வேலை கொடுப்போம்' என்று 1920-ல் ஊர்ப் பெரியவர்கள் ஊர்வலம் நடத்தி, மிட்டாய் கொடுத்து, நெருப்பு மூட்டிக் கொண்டாடவைத்தார்கள். இன்றைக்கு 'உலக ஹாலோவீன் தலைநகரம்' என்று காலர் தூக்குகிறது அனோகா.

அமெரிக்கா செய்த புத்திசாலித்தனம் இதுதான். வம்பை ஒழிக்கவில்லை, அதற்கு ஒரு விலை வைத்தது. 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்கிற பேச்சு 1920-களில் கனடா பத்திரிகைகளிலேயே வந்துவிட்டது. ரெண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன். 1947-ல் ரேஷன் போனதும் மிட்டாய் வேட்டை நாடு முழுக்கப் பரவியது. இன்றைக்கு? 2023-ல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்குச் செலவழிப்பார்கள் என்று சில்லறை வணிகக் கூட்டமைப்பு போட்ட கணக்கு, 1,220 கோடி டாலர்! கடிகாரம்கூட இதற்குத் தோதாக நகர்ந்திருக்கிறது. 2007-லிருந்து அங்கே கோடைக்கால நேரம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீடிக்கிறது. மிட்டாய் கம்பெனிகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மணி நேர வெளிச்சம், ஹாலோவீனுக்குக் கிடைத்துவிட்டது. பிரிட்டனிலோ அக்டோபர் கடைசி ஞாயிறே கடிகாரம் பின்னால் போய்விடும். 31-ம் தேதி யார்க்கில் சாயந்திரம் நாலரைக்கே சூரியன் குட்நைட்!

ஆனால், எனக்குப் பெரிசாகத் தெரிந்தது பணமில்லை. 'தெரியாத வீட்டுக் கதவை எப்படித் தட்டுவீங்க?' என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்.

"வாசல் விளக்கு எரிஞ்சா, வரலாம்னு அர்த்தம். அணைஞ்சிருந்தா அடுத்த வீடு. யாரும் யாரையும் கேள்வி கேக்க மாட்டாங்க."

இஞ்சினீயரிங் பாஷையில் சொன்னால், இது ஹேண்ட்ஷேக் ப்ரோட்டோகால்! ரெண்டு கம்ப்யூட்டர் டேட்டா பரிமாறும் முன்னால் 'ரெடியா?', 'ரெடி!' என்று சிக்னல் கொடுத்துக்கொள்ளுமே, அதே. அமெரிக்காவுக்கு சிக்னல் வாசல் விளக்கு. ஸ்காட்லாந்துக்குப் பாட்டு. இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது மிட்டாயும் முகமூடியும் மட்டும்தான். சிக்னல் வரவில்லை. அதனால்தான் அங்கே பெல் அடித்தாலே பதற்றம்.

ஒரே வருஷம், ரெண்டு சினிமா

1982-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' அந்த வருஷம்தான் ரிலீஸ். குழந்தைகள் வேற்றுக்கிரகவாசிக்கு வெள்ளைத்துணி போர்த்தி, ஹாலோவீன் கூட்டத்துக்கு நடுவே தெருவில் நடத்திக் கூட்டிப்போவார்கள். பிரிட்டிஷ் குழந்தைகள் பலருக்கு 'ட்ரிக் ஆர் ட்ரீட்' எப்படி இருக்கும் என்று கண்ணால் காட்டியது அந்தப் படம்தான்.

அதே வருஷம் அமெரிக்காவில் நிஜமாகவே ஒரு பயங்கரம் ஓடிக்கொண்டிருந்தது. சிகாகோ பக்கம் யாரோ டைலெனால் மாத்திரையில் சயனைடு கலந்துவிட, ஏழு பேர் செத்துப்போனார்கள். சில வாரத்தில் ஹாலோவீன். 'மிட்டாயில் விஷம் இருக்குமோ, ஆப்பிளில் பிளேடு இருக்குமோ?' என்று நாடே நடுங்கியது. ஜோயல் பெஸ்ட் என்கிற சமூகவியல் பேராசிரியர் 1958-லிருந்து வந்த செய்திகளைத் துருவிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை செத்ததாக உறுதியான கேஸ் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்ஸாஸில் விஷ மிட்டாயால் ஒரு சிறுவன் இறந்தது உண்மை. ஆனால், கொடுத்தது தெரியாத ஆள் இல்லை. இன்ஷூரன்ஸ் பணத்துக்காக, சொந்த அப்பா!

இருந்தாலும் பயம் பயம்தானே? இப்போது பல அமெரிக்க ஊர்களில் சர்ச், ஸ்கூல் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, அங்கேயே மிட்டாய் கொடுக்கிறார்கள். 'ட்ரங்க் ஆர் ட்ரீட்' என்று பேர். தட்டுவதற்குக் கதவே இல்லாத ஹாலோவீன்!

இருட்டுத் தெருவில் மூணு பரங்கிக்காய்

31-ம் தேதி சாயந்திரம் நாலு பேரும் யார்க்கில் ஒரு குடியிருப்புத் தெருவில் நடந்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள், தெருவைத் தொட்டபடி கதவுகள். அமெரிக்கன் தக்காளி கெச்சப் பாட்டில் வேஷத்தில் வந்திருந்தான்.

"டேய், இதுல பயப்பட என்னடா இருக்கு?" யார்க்‌ஷைர் நொந்துகொண்டது. பிரிட்டனில் ஹாலோவீன் வேஷம் என்றால் ரத்தக்காட்டேரி, சூனியக்காரி, பிணம் இப்படித்தான் பெரும்பாலும். அமெரிக்கர்களுக்குப் பீட்சாவும் ஓகே, ஆஸ்ட்ரோநாட்டும் ஓகே.

தெருவில் மூணு வீட்டு வாசலில் பரங்கிக்காய் விளக்கு. ரெண்டு வீட்டு ஜன்னலில் 'ட்ரிக் ஆர் ட்ரீட் வேண்டாம், ப்ளீஸ்' போஸ்டர். இந்த மாதிரி போஸ்டர்களைப் பல ஊர்களில் போலீஸே அச்சடித்துக் கொடுக்கிறது. தனியாக இருக்கும் வயசானவர்கள், முகமூடி போட்ட நாலு பேர் ராத்திரி கதவைத் தட்டினால் பயப்படுவார்கள் இல்லையா? அதற்காக! அந்த வாரம் பையன்களுக்கு முட்டையும் மாவும் விற்காத கடைகளும் உண்டு. எறிவதற்கு வாங்குவார்களாம்!

நான் கவனித்தது அந்தக் குட்டிப் பிசாசுகளை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்த அஞ்சாறு வாண்டுகள் இருட்டான வீடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பரங்கிக்காய் வீடு. பெல். மிட்டாய். 'தேங்க் யூ'. அடுத்த பரங்கிக்காய். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் பாடம் நடத்தவில்லை. 'வாசலில் பரங்கிக்காய் இருந்தா வரலாம்' என்று இங்கிலாந்து தனக்கென்று ஒரு சிக்னலை மெள்ளத் தயாரித்துக்கொண்டிருக்கிறது!

யார்க்‌ஷைர் பையன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். "ம்... இது பரவாயில்ல" என்றான். யார்க்‌ஷைர் பாஷையில் அது ஸ்டாண்டிங் ஒவேஷன்.

சிக்னல் தப்பினால்...

இதெல்லாம் மிட்டாய் சமாச்சாரம்தானே என்று தோன்றலாம். இல்லை, மக்களே.

1992 அக்டோபர் 17. அமெரிக்காவின் லூசியானா மாநிலம், பேடன் ரூஜ் நகரம். யோஷிஹிரோ ஹட்டோரி என்கிற 16 வயது ஜப்பான் மாணவன். நம்மை மாதிரியே எக்ஸ்சேஞ்சில் போனவன். ஹாலோவீன் பார்ட்டிக்காக வெள்ளை டக்ஸிடோ போட்டுக்கொண்டு நண்பனோடு கிளம்பினான். வீடு மாறிப்போனது. பெல் அடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து, 'ஃப்ரீஸ்' என்று கத்தினார். 'அசையாதே' என்று அர்த்தம். ஹட்டோரி நின்றுவிடவில்லை, முன்னால் வந்தான். ஒரே குண்டு. அவன் பிழைக்கவில்லை. 1993-ல் வீட்டுக்காரரைக் குற்றவாளி இல்லை என்று ஜூரி விடுவித்தது.

அந்த அப்பா, அம்மா என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கக் கூடாது என்று ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்து வாங்கி, அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனிடம் கொண்டுபோனார்கள். அதோடு நிற்கவில்லை. மகன் பேரில் ஒரு நிதி ஆரம்பித்து, அமெரிக்க ஹைஸ்கூல் மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைத்தார்கள். மகனைக் கொன்ற நாட்டுப் பிள்ளைகளுக்குத் தங்கள் நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஹாலோவீன் யாருடையது என்கிற பஞ்சாயத்து ஓடிக்கொண்டே இருக்கட்டும். கேக் கேட்டு வந்த ஏழையோ, பென்னி கேட்ட பொடியனோ, மிட்டாய் கேட்கிற குட்டிப் பிசாசோ... அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கேள்விதான்: 'இவங்களை நம்பலாமா?' ஸ்காட்லாந்து ஒரு பாட்டில் அதைத் தீர்த்துக்கொண்டது. அமெரிக்கா ஒரு விளக்கில். இங்கிலாந்து இப்போதுதான் ஒரு பரங்கிக்காயில்.

எம்.எஸ். படிக்க ஃப்ளைட் ஏறப்போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அக்டோபர் 31 அன்று வெளியே போனால், விளக்கு எரிகிற வீட்டில் மட்டும் பெல் அடியுங்கள். அட்ரஸை ரெண்டு தடவை பாருங்கள். கையில் நல்லதாக ஒரு ஜோக் இருக்கட்டும். நீங்களே வாடகை வீடு எடுத்திருந்தால், மறக்காமல் ஒரு பாக்கெட் மிட்டாய் வாங்கிவைத்து, வாசல் விளக்கைப் போட்டுவிடுங்கள். வருகிற வாண்டுகளுக்கு, விளக்கேற்றி வைத்துப் பலகாரம் கொடுக்கிற வீடு எப்படி இருக்கும் என்று நாம் காட்டவேண்டாமா?